பச்சை வயரும் கருப்பு வயரும்

என் வீட்டுக்காரருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போன பிறகு, கம்பெனி பெரிய மனது பண்ணி அதே மிஷினில் என் தம்பியை நிறுத்தியது. சூளகிரி ரோட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப் அது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன தோரணைக்கு நாங்கள் மாலை வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

சாமல்பட்டியிலிருந்து தம்பி ஓசூருக்கு வந்த நாள் முதல் அவன் கைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மிஷின் பழுதாகித் தானாக இறங்கிவிட்டது, இப்போது சரிசெய்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அடிக்கடி திரும்பக் கேட்பேன். அதான் சொன்னேனே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்போது நான் ஒரு ஜெராக்ஸ் கடைக்காக வீட்டிலேயே வாடகைப் பத்திரங்கள் டைப் செய்து பிளாப்பியில் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர். ஒருநாள் மின்சாரம் போய் வந்ததில் அதற்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை கருகிவிட்டது. கடையில் கேட்டால், அந்த மாதிரி இப்போது வருவதில்லையாம். புதுசு ஒன்றையும், அதைப் பழைய போர்டில் மாட்ட ஒரு இணைப்பு வயரையும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியையும் மாற்றிவிடுங்கள் என்று கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து யோசனை சொன்னார். யோசனைக்கு மட்டும் ஊரில் பஞ்சமே இல்லை.

வீட்டுக்காரர் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். தகடுதானே, நானே வெட்டிக்கிறேன் என்றார். கை போனதிலிருந்து அவர் ஒரு கருவியையும் தொட்டதில்லை. அதனாலேயே நான் வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் பாயை விரித்துப் பெட்டியைக் கிடத்தினார். பழைய சப்ளைக்கு வெட்டியிருந்த பின்பக்க ஓட்டையில் புதுசின் காற்றாடியும் பிளக்கும் பொருந்தவில்லை. தகடு வெட்டும் கத்தரியை இடது கையில் பிடித்து, வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களால் தகட்டை அழுத்திக்கொண்டார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். வெட்டினார், அரம் போட்டார், உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்குரூ முடுக்கினார். நாலில் ஒரு ஸ்குரூ சேரவில்லை. மூன்றே போதும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அதற்குள் மத்தியானமாகிவிட்டது. அடுத்தது சுவிட்ச். பழைய பெட்டியின் முன்பக்க சுவிட்சுக்கு நேராகக் கரண்டே வந்து போகும். புதுசில் அதற்கான வயரே இல்லை. பிளக்கைச் சொருகியும் அது அசையாமல் கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டு வயரின் தோலைப் பல்லால் உரித்து, புது சப்ளையிலிருந்து வந்த பச்சை வயருக்கும் கருப்பு வயருக்கும் நடுவே சொருகினார். காற்றாடி சுற்றியது.

எதையும் அமுக்காமல் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"ரெண்டையும் சேத்துட்டா, யாரோ பட்டனை அமுக்கிட்டாங்கன்னு அது நெனச்சிக்கும்."

பிரஸ் மிஷினுக்கு இரண்டு பட்டன்கள் உண்டு என்று கல்யாணமான புதிதில் அவர் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மிஷின் இறங்குமாம். கை அடியில் மாட்டவே கூடாது என்பதற்கான ஏற்பாடு. அப்படியானால் இவர் கை எப்படி மாட்டியது?

"அங்கயும் இப்படித்தான் வயர் போட்டீங்களா?"

காற்றாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வயரைக் கொடுத்ததே சூப்பர்வைசர்தானாம். ஒரு பட்டனை அப்படிக் கட்டிவிட்டால் ஒரு கை அமுக்கும், இன்னொரு கை தகட்டைத் தள்ளும், ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்ற கவுண்ட் சீக்கிரம் வந்துவிடும். வயர் விஷயத்தைச் சொன்னால் உன் தப்பு என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, மிஷின் பழுது என்று கம்பெனி எழுதியதற்கே இவரும் தலையாட்டியிருக்கிறார்.

"தம்பி மிஷின்ல?"

"எல்லா மிஷின்லயும் இருக்குது."

அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது. என் தம்பியை அந்த மிஷின் முன்னால் நிறுத்திவிட்டு, இத்தனை மாதமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஹைவே ஸ்டாப்புக்கு ஓடினேன். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்த ஆட்கள் இறங்கினார்கள். தம்பி இறங்கியதும் இரண்டு கைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவன் கூச்சத்தோடு இழுத்துக்கொண்டான். வயர் விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் திடுக்கிடவே இல்லை.

"தெரியும்க்கா. அதை எடுத்துட்டா கவுண்ட் வராது. கவுண்ட் வரலன்னா நாளைக்கு வேற ஆளு நிப்பான்."

வேண்டாம், ஊருக்கே போய்விடலாம் என்றேன். போய் என்ன பண்றது, மாமாவை யார் பார்க்கிறது என்று மெதுவாகக் கேட்டான். டைப் அடித்து வந்த காசு அரிசிக்கே போதாது.

மறுநாள் விடிவதற்குள் அவன் கிளம்பிவிட்டான். டப்பாவில் சோறு போட்டு மூடி அவன் கையில் கொடுத்தது நான்தான்.