வழியைச் சுத்தம் செய்தவன்

மலை ஏறுவதற்கென்று தனியாக ஒரு ஷூ, தனியாக ஒரு கால்சட்டை, தனியாக ஒரு கோல் வாங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் ராமநாதபுரம் பக்கம். கண்மாய்க்கரையை விட உயரமான எதையும் சின்ன வயதில் பார்த்ததில்லை. ஓசூருக்கு வேலைக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றை அறைக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், வேப்பனப்பள்ளிக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு மலையடி ஊருக்கு பைக்கில் போக ஆரம்பித்தேன். ரப்பர் செருப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான் என் ஏற்பாடு. அதிலேயே எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அந்த ஊரிலிருந்து நாலைந்து ஒற்றையடிப் பாதைகள் மலைக்குள் போகின்றன. ஒன்று மாந்தோப்புகளுக்கு, ஒன்று மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டைக்கு, ஒன்று மொட்டைப் பாறை உச்சிக்கு. இன்னொன்று எல்லையைத் தாண்டிப் போகும். அதில் கொஞ்ச தூரம் நடந்தால் கைபேசி நம்மை ஆந்திராவுக்கு வரவேற்கும். ஆறு வருடங்கள் இவற்றில் நடந்தேன். ஊர்க்காரர்களோடு ஆறு நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பாதை தெரிந்தால் போதாதா, பேச்சு எதற்கு என்பது என் எண்ணம்.

பெங்களூரிலிருந்து சனிக்கிழமைகளில் வருகிற கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே சில நாள் போவேன். மூச்சு வாங்கப் பாறை உச்சிக்கு ஏறி, இரண்டு கைகளையும் விரித்து நின்று, அடுத்தவரைப் படமெடுக்கச் சொல்வார்கள். அப்புறம் எதிரொலி கேட்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்துவார்கள். பள்ளத்தில் மாடு மேய்க்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இவர்களுக்கு என்ன மரியாதை தர வேண்டுமோ அதைத் தருகிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்படிப்பட்ட நான்தான் அந்த மலையில் ஒரு பெண்ணைச் சாவுக்கு அனுப்பப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் சந்தோஷப்படுத்தியே தீர்வதென்று ஒரு திட்டம் உண்டு. முந்தைய வருடம் கயிறு இழுத்து இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வருடம் மலையேற்றம். எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்களுக்குத்தான் அந்தப் பக்கம் எல்லா டிரெயிலும் தெரியுமாமே, நீங்களே லீட் பண்ணுங்க" என்றார். வேண்டாம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். நாற்பது பேர், ஒரே நிறத்தில் டீ-சர்ட், முதுகில் கம்பெனி பெயர். என் கழுத்தில் ஒரு விசில்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிளாண்ட்டில் ஃபைவ் எஸ் ஆடிட்டர் நான். அதது அதனதன் இடத்தில் இருக்கிறதா, வேண்டாத பொருள் எதுவும் கிடக்கிறதா என்று கையில் அட்டையோடு சுற்றி மதிப்பெண் போடுகிறவன். மஞ்சள் கோடு போட்ட நடைபாதையில் ஒரு நட்டு கிடந்தாலும் அந்த லைனுக்கு மார்க் போச்சு. நான் வருவது தெரிந்தால் துணி வைத்துத் துடைத்ததையே திரும்பத் துடைப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். பாத்ரூம் வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் என் மனைவிக்கு ஒரு வகுப்பு நடக்கும்.

காலை எட்டரை மணிக்கு, குட்டைக்கும் பாறைக்கும் பாதை பிரிகிற இடத்தில் இளைப்பாற நின்றோம். இடப்பக்கம் குட்டைக்குப் போகும் வழி. அதன் குறுக்கே பச்சையாக ஒரு புங்கங்கிளை கிடந்தது, மேலே தலையளவு கல். அதற்கு முன்பும் ஓரிரு முறை அப்படிப் பார்த்திருக்கிறேன். யாரோ ஆட்டுக்குத் தழை வெட்டி மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து வேறு பாதையில் போயிருக்கிறேன். அன்று குழுப்படம் எடுக்க அந்த இடம்தான் வாகாக இருந்தது.

"நடைபாதைல இப்படி ஒரு பொருள் கிடந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"எடுத்துப் போடணும் சார்!" என்றார்கள் நாற்பது பேரும்.

கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். கிளையைத் தூக்கிப் புதருக்குள் எறிந்தேன். கை தட்டினார்கள். விசில் ஊதினேன். வலப்பக்கப் பாதையில் ஏறிப் போனோம்.

உச்சிக்குப் போன பத்தாவது நிமிடம் யாரோ "யானை, யானை" என்றார்கள். கீழே குட்டையை ஒட்டிய மூங்கிலுக்குள் மூன்று யானைகள், நடுவே ஒரு குட்டி. நாற்பது பேரும் கைபேசியைத் தூக்கினார்கள். எச்.ஆர். மேடத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, இந்த வருட அவுட்டிங் இப்படி அமைந்ததே என்று. நானும் படமெடுத்தேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், இடதுபக்கப் பாதையில் நாலு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் குட்டையை நோக்கி வருவது தெரிந்தது. அவருக்கும் யானைகளுக்கும் நடுவில் ஒரு திருப்பம்தான்.

கத்தினோம். நாற்பது பேரும் அடிவயிற்றிலிருந்து கத்தினோம். நான் விசிலை விடாமல் ஊதினேன். அவர் தலையைத் தூக்கவில்லை. வாரா வாரம் அந்தப் பாறையிலிருந்து கத்தல் கேட்டுப் பழகியவர். ஒருமுறை மட்டும், காக்காயை விரட்டுவது போலக் கையை எங்கள் பக்கம் வீசிவிட்டு நடந்தார். கல்லை வீசலாமென்றால் அவ்வளவு தூரம் எட்டாது.

அவரைக் காப்பாற்றியது மாடு. முன்னால் போன மாடு திருப்பத்தில் நின்றது. அவர் குச்சியால் தட்டினார். அது அப்படியே திரும்பி அவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடியது. மற்ற மூன்றும் பின்னால் ஓடின. விழுந்தவர் எழுவதற்குள் பெரிய யானை மூங்கிலை விட்டு வெளியே வந்து பிளிறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது யானை அங்கேயே நின்றுகொண்டிருந்தது, அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்த வழியே ஓடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இறங்கி வந்தபோது அவர் பாதை பிரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கை கிழிந்து ரத்தம். எதிரில் ஒருவர் மூச்சு வாங்க நின்றார். பிளிறல் கேட்டு மாந்தோப்பிலிருந்து ஓடி வந்த அவருடைய கணவர்.

"தழை போட்டன்மே. காத்தால ஆனையப் பாத்துட்டுப் போட்டுட்டுதான் தோப்புக்குப் போனன். கல்லுகூட வெச்சன்."

"போட்டா எங்கியா கீது? தொடச்சி வெச்ச மாதிரி கீது வழி. ஆனையப் பாத்துட்டு உன் உசுரக் காப்பாத்திக்கினு நீ ஓடிட்ட."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் போகிறவர் யானையைக் கண்டால் பச்சைக்கிளையைக் குறுக்கே போட்டுக் கல் வைப்பார். போட்டவரே வந்து எடுக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடுவதில்லை, தாண்டுவதுமில்லை. அந்தப் பள்ளத்தில் டவர் கிடையாது. அந்தக் கிளையை நம்பித்தான் ஊரே மாடு ஓட்டுகிறது.

கணவர் எங்கள் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இப்பிடிதான ஏறுனீங்க? இங்க தழை கெடந்துச்சா இல்லியா? நீங்களே சொல்லுங்க சார்."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நட்டு கிடந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவன் நான்.

"கவனிக்கலைங்க" என்றேன்.

அந்த மனிதர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எச்.ஆர். மேடம் முதலுதவிப் பெட்டியைத் திறந்து ரத்தத்தைத் துடைத்துக் கட்டு போட்டார். கட்டு போட்டு முடியும்வரை அந்தப் பெண் கணவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்தபோது அவர் பிடிக்க நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

"இனிமே உன்ன நம்பி மாடு ஓட்டறவ இல்ல நானு" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஊருக்கு நடந்தார். கணவர் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனார்.

பஸ்ஸில் பாட்டுப் போட யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை கேண்டீனில் சாம்பார் வாங்க நிற்கும்போது ஒரு தம்பி என் காதருகே வந்து, "சூப்பரா சமாளிச்சீங்க சார்" என்றான். என்னைக் கேலி செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே பாராட்டினான்.

மூன்று வருடங்கள் ஆகின்றன. போய்ச் சொல்லிவிட்டு வர முக்கால் நாள்கூட ஆகாது. பைக்கும் இருக்கிறது, வழியும் தெரியும். இரண்டு முறை கிளம்பி வேப்பனப்பள்ளி வரைக்கும் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போதெல்லாம் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை என்று யாராவது கேட்டால், கண்டவனெல்லாம் வந்து அந்த மலையைக் கெடுத்துவிட்டான் என்று சொல்கிறேன்.