பலராமன் வீட்டு ஆறு சைக்கிள்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு பலராமன் வீட்டிலிருக்கும் சைக்கிள்களின் சக்கரங்களைக் கால் சுற்று திருப்பி வைக்கிறான். தரையில் நிற்கும் டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அந்த இடம் தட்டையாகிவிடுமாம். சுவரில் தொங்கும் இரண்டுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனாலும் அவற்றையும் திருப்புகிறான். கேட்டால், "அதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி" என்பான். பிறகு பழைய பனியன் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ரிம்மைச் சுற்றி, ஒவ்வொரு போக்ஸ் கம்பியாகத் துடைத்துக்கொண்டு போகிறான். வைத்திக்குப்பத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி வீடு. உப்புக் காற்று சன்னல் கம்பியையே தின்றுவிடுகிற இடம். அவன் வீட்டு ரிம் எதிலும் கடுகளவு துரு காட்ட முடியாது.

ஹால் பன்னிரண்டடிக்குப் பத்தடி. சுவரில் இரண்டு, கட்டிலை ஒட்டித் தலைமாடு கால்மாடாக இரண்டு, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒன்று. அதனால் அந்தக் கதவு பாதிதான் திறக்கும். ஆறாவது, சக்கரம் கழற்றப்பட்டு, சமையல்கட்டுப் பரணில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. விருந்தாளி கட்டிலில் உட்கார்ந்தால் ஒரு பெடல் காதோரம் வந்து நிற்கும். பழகியவர்கள் உட்காரும்போதே தலையைச் சாய்த்துக்கொள்கிறார்கள். அவன் மனைவி தனம் ஈரத் துண்டை ஹேண்டில்பாரில் போடுவாள். அவன் எடுத்துக் கொடியில் போடுவான்.

"இந்த வூட்ல நாங்க ரெண்டு பேரும் ஒருக்களிச்சிப் படுக்குறோம். சைக்கிள்தான் கால நீட்டிக்கினு படுக்குது" என்று தனம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

ஆறில் ஒன்றும் அவர்களுடையது இல்லை. எல்லாம் பிரான்சில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுடையவை. அப்பா காலத்து வீட்டை ஓட்டலுக்குக் கொடுத்துவிட்டவர்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து, லாட்ஜில் தங்கி, சைக்கிளில் ஊரைச் சுற்றிவிட்டுப் போகிறவர்கள். முதலில் கொண்டுவந்து விட்டவர் ஜூல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். பலராமன் அப்போது ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தான். ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் வேலைக்குப் போனது அதற்குப் பிறகு. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன், அதுவரை வைத்திரு என்று சொல்தா சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பதினோரு வருஷம் ஆகிறது. அவர் சொல்லித்தான் ஜீன் வந்தார், பாஸ்கால் வந்தான், மற்றவர்களும் வந்தார்கள். யாரிடமும் பலராமன் இதற்கென்று எதுவும் வாங்கியதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கை, பிரெஞ்சு மரியாதை சேர்த்துச் சொன்னான்: "வெச்சது வெச்சபடி இருக்கும், முசே."

அது முழுக்க உண்மை இல்லை. அதில் கள்ளமும் இல்லை. அவனுடைய வழி வேறு. ஆறு பேரும் ஒரே சமயத்தில் வருவதில்லை. வருகிறவருக்கு நல்ல சைக்கிள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூல் வரும்போது ஜீனின் பிரேக் கட்டை அழுத்தமாகப் பிடிக்கிறதா, அதைக் கழற்றி ஜூலுக்குப் போடுவான். பாஸ்காலின் ரிம் வளைந்து போனதா, ஜூலின் முன்சக்கரம் சும்மாதானே இருக்கிறது, அது பாஸ்காலுக்கு. இறங்கி வந்த அன்று ஒவ்வொருவருக்கும் தன் சைக்கிள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். பலராமன் பத்தாவது தாண்டாதவன். ஆனால் ஒரு நட்டை எந்த அளவுக்கு முடுக்க வேண்டும் என்று அவன் விரலுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

இந்த மார்ச்சில் ஜூல் அங்கேயே இறந்துபோனார். ஜூன் மாதம் அவர் மகள் ஈனெஸ் போன் செய்தாள். அப்பாவின் சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போக வருகிறாளாம். நல்லபடியாகத் துடைத்து, டயர் மாற்றி வைக்கிறேன் என்றான் பலராமன்.

"வேணாண்ணா. புதுசா எதுவும் போடாதீங்க. அப்பா சைக்கிள் எப்படி இருக்குதோ அப்படியே வேணும்."

சரி என்று போனை வைத்தான். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசித்தான்.

அவள் வருவதற்கு முந்தின நாள் லீவு போட்டான். சைக்கிள்களை இறக்கி, சாக்கட்டியால் ஹால் தரையில் ஆறு கட்டம் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதினான். எது யாருடையதோ அந்தக் கட்டத்தில் வைப்பது என்று ஏற்பாடு. பெல்லும் கேரியரும் ஜூலுடையவை, சந்தேகமில்லை. சீட்டில் மாட்டிக்கொண்டான். ஜூலின் சீட் கிழிந்தபோது ஜீனுடையதை எடுத்து அவருக்குப் போட்டான். நாலு வருஷம் அதில்தான் அவர் உட்கார்ந்தார். அப்படியானால் அது யாருடைய சீட்? இரண்டு கட்டத்துக்கும் நடுவில் சீட்டும் கையுமாக வெகுநேரம் நின்றான். பிரேம் இன்னும் மோசம். ஜூல் கொண்டுவந்த கறுப்புப் பிரேம் அடிக்குழாயில் விரிசல் விட்டு, பழைய இரும்புக்குப் போய் ஆறு வருஷமாகிறது. முன்பு ஏழாவதாக ஒரு குடும்பத்தின் சைக்கிள் இருந்தது; அவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதன் பிரேமும் கறுப்பு; அதுதான் ஜூலுக்கு வந்தது. அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். அவரோ வந்ததும் ஏறி உட்கார்ந்து, நம்ம வண்டி மாதிரி வருமா என்று அதைத் தட்டிக்கொடுத்தார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

மத்தியானத்துக்குள் கட்டங்களையெல்லாம் இரண்டு முறை அழித்து எழுதிவிட்டான். தனம் சோற்றுத் தட்டை வைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டு நின்றபடியே கேட்டாள்: "அவுரு மொத மொத குடுத்ததா, கடைசியா ஓட்டுனதா? எதக் கேக்குது அந்தப் பொண்ணு?"

பலராமன் ஒரு பெயரை மறுபடி அழித்தான்.

"எதுனா ஒண்ணத் தொடச்சிக் குடு. அது கண்டுச்சா இன்னா?"

"எனக்குத் தெரியுதே."

மறுநாள் ஈனெஸ் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கச் சக்கரமும் செயினும் சாக்கட்டிப் பெயர்களும். அவற்றில் தன் அப்பா பெயரும் இருப்பதைப் பார்த்தாள். முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று பலராமன் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். வாயைத் திறந்ததும் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டான். ஜீனின் சீட், பாஸ்காலின் ரிம் என்று அவன் சொல்லச் சொல்ல, சைக்கிளை விற்றுவிட்டானோ என்று முதலில் நினைத்தவள், பிறகு அப்படியும் இல்லை என்று குழம்பினாள். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். நீலக் கலர், முன்னால் கூடை இருக்கும் என்று அங்கிருந்து அம்மா அடித்துச் சொன்னாள். நீலத்தில் ஒரு சைக்கிள் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் பலராமனுக்குத் தன் நினைவின் மேலேயே சந்தேகம் வந்து, கூடை வைத்த சைக்கிள் எதுவும் இருந்ததா என்று தனத்தைக் கேட்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஈனெஸ் போனைப் பைக்குள் போட்டாள். "அப்பா போன பொங்கலுக்கு ஓட்டுனாரே, அது இங்க இருக்குதாண்ணா?"

"இருக்குதும்மா. ஒரே எடத்துல இல்ல."

அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கட்டங்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சேர்த்துக் கொடுங்கள் என்றாள்.

அதற்குப் பிறகு அவனுக்குக் குழப்பமில்லை. பொங்கலுக்கு எந்தப் பாகம் எங்கே இருந்தது என்பது அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பாஸ்காலிடமிருந்து முன்சக்கரம், ஜீனிடமிருந்து சீட், சுவரில் தொங்கிய ஒன்றிலிருந்து இடதுபக்கப் பெடல். அவன் கழற்றிக் கொடுக்க, அவள் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு மணிக்கு சைக்கிள் எழுந்து நின்றது. தோளில் போட்டுக் கீழே இறக்கினான். தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள்.

"பிரேக்கு ரொம்ப டைட்டா இருக்குதுண்ணா."

"அவுருக்கு அப்படித்தான் வேணும். லூசா இருந்தா கத்துவாரு."

அவள் பிரேக்கை இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தாள். தளர்த்தச் சொல்லவில்லை. பெட்டி கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோகக் குட்டியானை லாரி வந்தது. சைக்கிளைப் படுக்க வைத்து, உரசாமல் கோணி கொடுத்து, பலராமனே கயிறு கட்டினான்.

மேலே வந்தபோது தனம் ஈரத்துணியால் சாக்கட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்குக்குப் பிறகு படுக்கையறைக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. பாஸ்காலின் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது. அவன் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சம்பளம் வந்ததும் புது ரிம் போட்டுக்கொள்ளலாம் என்றாள் தனம். பலராமன் அந்த வெறும் கவட்டையைப் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனான். வீட்டுக்குள் இடமில்லாததால் அவன் பேக்டரிக்குப் போகும் சைக்கிளை அங்கேதான் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். சங்கிலியை அவிழ்த்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்சக்கர நட்டில் ஸ்பானரை வைத்தான்.