மடுவைச் சுத்தம் செய்தோம்

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: புரொஜக்டரைத் தூக்க வேண்டும், மைக் கட்ட வேண்டும், வேறெதிலும் தலையிடக் கூடாது. எட்டாவதோடு படிப்பை விட்டு, அம்பத்தூரில் லேத், பூந்தமல்லியில் லாரி ஷெட் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிய எனக்கு அதுவே அதிகம். எழுபதுகளில் ஆவடிப் பக்கத்துக் காலனி இளைஞர்களுக்கு இயற்கையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த சங்கம் அது. நடத்தியவரை சார் என்போம்.

ஸ்லைடில் பனிமலையும் கரடியும் வரும். "இந்தக் கரடி ஆவடிக்கு எந்த பஸ்ஸுல வரும் சார்?" என்று காலனிப் பையன் மாரி கேட்டான். சார் சிரிக்கவில்லை.

மாரியின் அம்மா காலனியை ஒட்டிய ஏரியின் மீனைப் பூந்தமல்லி சந்தையில் விற்றுத்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டாள். கோடையில் ஏரி வற்றினால் நடுவில் ஒரு மடு மட்டும் தண்ணீரோடு நிற்கும். பக்கத்துப் புதரில் சிவப்புத் துணி கட்டி, கன்னியம்மா மடு என்பார்கள். அதில் யாரும் வலை போடுவதில்லை. காலனியில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அவர்களும் போடுவதில்லை. மழை வந்ததும் அந்த மடு மீன்தான் ஏரி முழுக்கப் பெருகும்.

ஒரு மே மாதம், மடுவில் கொசு பெருகுகிறது, அதைச் சுத்தம் செய்வதுதான் இந்த முறை பாடம் என்றார் சார். பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் வந்து இறங்கின. சிவப்புத் துணியை அவிழ்க்கச் சொன்னார். மாரியும் அவன் கூட்டாளி லூர்துவும் குறுக்கே போய் நின்றார்கள்.

"சார், இதுல கை வெக்காதீங்க. வெத மீனு கீது," என்றான் மாரி. "கன்னிம்மா எடம்."

"சாமி பேச்சு வேண்டாம்பா. ரெண்டு மதத்துப் பசங்களும் இருக்கீங்க. சண்டை வரும்."

லூர்து சிரித்துவிட்டான். "இன்னா சண்டை சார்? இவன் வலைய வாங்கிகினு போய்தான் நானே மீன் புடிக்கிறேன்."

நானும் வேண்டாம் என்றேன். போய் மைக்கைப் பார் என்றார். பட்டணத்திலிருந்து அழைத்து வந்திருந்த கல்லூரி மாணவர்கள் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார்கள்.

மறுநாள் விரால்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீர் முன்பே கெட்டிருக்க வேண்டும் என்றார் சார். விற்க முடியாத மீனை மாரியின் அம்மா கூடை கூடையாக அள்ளிப் போய்ப் புதைத்தாள்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. வலையில் தவளைதான் ஏறியது. அவள் ஜல்லி உடைக்கப் போனாள், மாரி பவுண்டரி வேலைக்குப் போனான். சங்கம் வேறோர் ஏரிக்குப் போனது. நான் கூடப் போகவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள், போகிற ஊரில் எதைத் தொடுவதில்லை என்பதை முதலில் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். நாங்கள் கேட்காமலே எங்களுக்குச் சொன்னார்கள்.