நெட்டையனின் பதுங்குகுழி

என் கணவரின் நெற்றியில் எப்போதும் ஒரு புடைப்பு இருக்கும். நாங்கள் இருந்த மிஷன் குடியிருப்பு, குளிருக்கு அடக்கமாகத் தாழ்வாகக் கட்டியது. அவரோ பனைமர உயரம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்தால் முதல் வேலையாக வாசல் நிலையில் முட்டிக்கொள்வார்.

"குனிஞ்சு வாங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று கத்துவேன்.

"எவனுக்கும் குனியாத தலை புள்ள இது" என்பார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. அத்தனை வீம்பு.

எழுபதுகளின் தொடக்கத்தில் சண்டை மூண்ட டிசம்பரில் அவர் மேற்கு எல்லையில் இருந்தார். நான் கொடைக்கானலில் டீச்சர். ரேடியோ கேட்டுக் கேட்டுக் கிலி பிடித்த எங்கள் தலைமையாசிரியர், பள்ளி மைதானத்தில் பதுங்குகுழி வெட்டச் சொல்லிவிட்டார். பக்கத்து வீடே தெரியாத மூடுபனியில் எந்த விமானம் வந்து குண்டு போடப்போகிறது? யாரும் கேட்கவில்லை.

பொறுப்பேற்றவர் டிரில் மாஸ்டர், பழைய பட்டாளத்துக்காரர். விமானத்துக்கு ஒளியக் குழி கேட்டால், அவர் எல்லைக் காவலுக்கே வெட்டினார். சிப்பாய் முதலில் குப்புறப் படுத்துத்தான் தோண்டுவான் என்று, படுத்தே காட்டினார். உடம்பு மறைந்த பிறகு மண்டியிட்டு, அப்புறம்தான் நின்று. மேல்புல்லைப் பத்தையாகப் பெயர்த்துத் தனியே வைத்தார். புது மண்ணை எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதற்காம். பூம்பாறையிலிருந்து வந்த கூலியாட்கள், பூண்டு வயலில் செய்கிற பழக்கத்தில், மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கமாகவே கொட்டினார்கள்.

"எதிரி மேட்டுல இருக்கான்! மண்ண அவன் பக்கம் குவிங்கப்பா!" என்று மாஸ்டர் கத்தினார்.

அவர்கள் மேட்டைப் பார்த்தார்கள். அங்கே சர்ச் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.

"எல்லையில எவ்வளவு ஆழம் வெட்டுவாங்க சார்?"

"அக்குள் வரைக்கும் டீச்சர். தலையும் கையும் வெளிய இருந்தாத்தான சுட முடியும்?"

"யாரோட அக்குள்?"

"ஒரு குழிக்கு ரெண்டு பேரு. குட்டையா இருக்கவன் கணக்குக்குத்தான் வெட்டணும். இல்லாட்டி அவனுக்கு எட்டாதுல்ல?"

"அப்ப நெட்டையா இருக்கவரு?"

"குனிஞ்சுக்கிட வேண்டியதுதான்."

சொந்த வீட்டு வாசலுக்கே குனியாத மனுசன். அன்றிலிருந்து என் ஜெபம் சுருங்கிப்போனது: ஆண்டவரே, அவர் பக்கத்தில் ஒரு குட்டையனை மட்டும் நிறுத்திவிடாதேயும். சோறு இறங்கவில்லை. தபால்காரரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். சண்டை முடிந்ததென்று ரேடியோ சொன்ன பிறகும் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பொங்கல் கழித்து ஒரு காலையில், பெட்டியோடு வந்து நின்றார். முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, தலையை உள்ளிழுத்துக்கொண்டு வாசலில் நுழைந்தார். நிலை படவேயில்லை. கட்டிக்கொண்டு அழுதேன். ஆண்டவர் புத்தி கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

உள்ளே வந்தும் அவர் நிமிரவில்லை. ஏரிக்கரையிலும் கடைத்தெருவிலும் அதே வளைந்த முதுகு. மேலே திறந்த வானம், அதற்கும் குனிந்தார். பல நாள் பொறுத்து, குழியில் கூட இருந்தவர் யார் என்று கேட்டேன்.

"குட்டப்பய" என்றார். "என் நெஞ்சு உசரங்கூட இல்ல. நான் நிமிரும்போதெல்லாம் சட்டக் காலரப் புடிச்சு இழுப்பான். ஒருவாட்டி எட்டல. எக்கி இழுத்தான். நான் உள்ள விழுந்துட்டேன். குண்டு அவனுக்குப் பட்டுருச்சு. போய்ட்டான்."

வேண்டவே வேண்டாம் என்று நான் மன்றாடிய குட்டையன்தான் என் தாலியைக் காப்பாற்றியிருக்கிறான். அவன் வீட்டிலும் ஒருத்தி ஜெபித்திருப்பாளே. அந்த நினைப்பு இன்றும் என்னைச் சுடுகிறது.

லீவு முடியும் முன்பு ஒரு மதியம் திடீரென்று மழை பிடித்தது. கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தார். வாசலில் 'டங்'கென்று சத்தம். துணியெல்லாம் சேற்றில் கிடக்க, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றார்.

குனிந்து வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.