சனியாக நிற்க யாரும் வரவில்லை

நான் வேலை பார்க்கும் அறிவியல் கூடத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை சூரியக் குடும்பத்தை அறிமுகப்படுத்துவேன். பூமியைக் கடுகு என்று வைத்துக்கொண்டால் சூரியன் ஒரு கால்பந்து. இரண்டுக்கும் இடையே இருபத்து மூன்று மீட்டர். சனி சின்ன நெல்லிக்காய் அளவு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கூடத்தை விட்டு வெளியேறி இருநூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி வர அதற்கு இருபத்தொன்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இதையெல்லாம் சிரித்த முகத்தோடு சொல்வேன். ஆனால் அந்த நெல்லிக்காய்தான் என்னை அம்மாவோடு பூன் லே வட்டாரத்து வீட்டில் அடைத்து வைத்திருந்தது.

மணமாகாதவர்கள் தனியாளாக அரசு வீடு வாங்க முப்பத்தைந்து வயது ஆக வேண்டும். ஆனவுடன் ஓர் ஈரறை வீட்டுக்கு விண்ணப்பித்தேன். குவீன்ஸ்டவுனில் கிடைத்தது. கட்டி முடிக்கச் சில வருடம் ஆனது. சாவி வாங்க வரச் சொல்லிக் கடிதம் வந்த வாரம் அம்மா தேக்காவுக்குப் போய் ஜோசியரைப் பார்த்து வந்தார். எனக்கு ஏழரைச் சனியாம், அதிலும் ஜென்மச் சனியாம். வீடு மாறவே கூடாதாம்.

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அப்பாவுக்கு ஏழரை நடந்தபோதுதான் புக்கிட் பாத்தோக்கிலிருந்து இந்த வீட்டுக்கு மாறினோம். வந்த வருடமே அப்பா போய்விட்டார். அம்மாவைப் பொறுத்தவரை அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றுமில்லை. நான் எதிர்த்துப் பேசினால் பேச்சு அப்பாவில் போய் முடியும், அம்மா அழுவார், நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

எரிச்சல் என்னவென்றால், ஜோசியரின் கணக்கும் என் கணக்கும் ஒன்றுதான். ஒரு ராசிக்கு இரண்டரை வருடம் என்றால் பன்னிரண்டு ராசிக்கு முப்பது வருடம். சனி வானத்தில் எங்கே இருக்கிறது என்பதில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை இல்லை. அதற்கும் என் வீட்டுச் சாவிக்கும் என்ன சம்பந்தம் என்பதில்தான் சண்டை.

சாவி வாங்குவதை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். மூன்றாவது கடிதத்தில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது. இனி தள்ளிப்போட முடியாது, வராவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும். அந்தக் கடிதம் வந்ததிலிருந்து நானும் அம்மாவும் நவக்கிரகம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டோம். அம்மா கொடுமைக்காரியாக இருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பேன். காலையில் என் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, துடைத்து, பைக்குள் வைத்துவிட்டு அதன் பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்பவரை என்ன செய்வது?

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, சமூக மன்றத்திலிருந்து பன்னிரண்டு தமிழ் அம்மாக்கள் பேருந்தில் கூடத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தமிழில் அறிமுகம் செய்ய வேண்டியது நான். கடைசியாக இறங்கியது என் அம்மா. வருவதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடுவில் மஞ்சள் பந்து, அதைச் சுற்றித் தரையில் எட்டு வட்டங்கள். எட்டுப் பேர் எட்டுக் கோள்களாக நின்று நடக்க வேண்டும், அவ்வளவுதான். வட்டத்தைப் பார்த்ததுமே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். நான் சொல்லவே இல்லை.

"சூரியனைக் கணக்குல சேக்கலையாம்மா? அப்புறம் எப்படி ஒம்பது வரும்?" என்றார் கண்ணாடி போட்ட ஓர் ஆன்ட்டி.

சூரியன் ஒரு விண்மீன், கோள் அல்ல என்றேன். சந்திரன் பூமியைச் சுற்றுவது. ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, சந்திரன் போகும் பாதை சூரியன் போவதாகத் தெரியும் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள். அவர் விரல் விட்டு எண்ணினார். ஒன்பதில் நாலு போய்விட்டது.

"அப்ப பூமியை யாரு சேத்தது? அதுல நாம இருக்கோம். அது எப்படி கிரகமாகும்?"

இத்தனை வருட வேலையில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நாம் நிற்கிற இடத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மனிதர்களுக்கு வெகு காலம் பிடித்தது என்றேன். ஆன்ட்டிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அவரே பூமியாக நின்றார்.

வியாழனுக்குப் போட்டி, குரு அல்லவா. வெள்ளியும் புதனும் உடனே போயின. செவ்வாயைத் தயங்கித் தயங்கி ஒருவர் எடுத்துக்கொண்டார். யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். பேர் தெரியாத கிரகம் ஒன்றும் செய்யாது என்று சொல்லி இரண்டு பேர் சந்தோஷமாகப் போய் நின்றார்கள். ஆறாவது வட்டம் மட்டும் காலி. மிச்சம் இருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"சனிக்கு யாராவது வாங்க," என்றேன்.

"சின்னப் பொண்ணுதானே, நீயே நில்லும்மா. சும்மா வெளையாட்டுக்குத்தான் லா," என்றார் வியாழன்.

சரி என்று ஆறாவது வட்டத்தை நோக்கி நடந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ நிக்காத. ஏற்கெனவே உனக்கு அதுதான் நடக்குது. நான் நிக்கிறேன்."

எல்லார் முன்னாலும் சொன்னார். என் சீருடையும் பெயர் அட்டையும் எனக்கே கேலியாகத் தெரிந்தன. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கோள்களே, நடங்கள் என்றேன்.

எட்டுப் பேரும் வலமாகச் சுற்றத் தொடங்கினார்கள். வடக்கிலிருந்து பார்த்தால் கோள்கள் எல்லாம் இடமாகத்தான் சுற்றுகின்றன, திரும்புங்கள் என்றேன். இடமாகச் சுற்றினால் நல்லதில்லை என்று வெள்ளி மறுத்துவிட்டார். அதனால் அன்று என் சூரியக் குடும்பம் தலைகீழாகவே சுற்றியது. அம்மா மட்டும் கை கூப்பியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் நின்ற பிறகும் அவர் மூன்றாவது சுற்றை முடித்துவிட்டுத்தான் நின்றார்.

அன்று மாலை சப்பாத்தி போட்டுக்கொண்டே சொன்னார், "வெள்ளிக்கிழமை போய் கீ வாங்கிட்டு வந்துரு."

"ஜோசியர் கூடாதுன்னாரே?"

"அது உனக்கு. உனக்கு நடக்குறத நான் வாங்கிக்கிட்டேன். கேட்டு வாங்கிக்கிட்டேன். இனிமே அது என்னோடது."

அப்படியெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறாதும்மா, மாறுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். ஆனால் சொன்னால் சனி மறுபடி என்னிடம் வந்துவிடும், வெள்ளிக்கிழமை போய்விடும். "சரிம்மா," என்றேன். அம்மா இன்னொரு சப்பாத்தியை என் தட்டில் போட்டார்.

சாவி வாங்கிவிட்டேன். அன்று அம்மா என்னோடு வரவில்லை. சனி பிடித்தவள் புது வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம். எஸ்கலேட்டரில் ஏறுவதை விட்டுவிட்டார், சமூக மன்றத்துக்கும் போவதில்லை. காய்கறி நறுக்கும்போதுகூடப் பயந்து பயந்து நறுக்குகிறார். என் வீட்டில் எந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஏழரை முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூன் லேக்குப் போகிறேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் ரயில் ஏறுகிறேன். அம்மா கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்கிறேன். அவர் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு வாய் வருவதில்லை.