கூரைக்காரியின் கேரட்

கோபம் வந்தால் சின்னவள் கத்த மாட்டாள். கையில் இருக்கும் ஸ்பேனரைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். எவ்வளவு கோபமோ அவ்வளவு பளபளப்பு. அந்த வியாழக்கிழமை மதியம் பட்டறையில் அவளுடைய பத்தாம் நம்பர் ஸ்பேனரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் நாற்பது வயதிலும் சின்னவள். பட்டறையில் அவள் பெயர் கூரைக்காரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கார் கழுவும் வேலைக்கு வந்தவள், கழுவிய கார்களுக்குள் தலையை விட்டுப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். இப்போது பதினாறு வருஷமாகக் கார்களின் உள்பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. சீட், பெல்ட், விளக்கு, கதவின் உள்பலகை, எல்லாவற்றுக்கும் மேலே சன்ரூஃப் என்கிற, திறந்து மூடும் கண்ணாடிக் கூரை. கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு, எந்தக் குழி எந்த இடம் என்று பென்சிலால் எழுதி வைப்பாள். அவள் மாட்டிய வண்டியில் ஒரு திருகாணி மிச்சம் விழுந்தது என்று இன்றுவரை எவனும் சொன்னதில்லை.

அன்று வந்திருந்தது சாம்பல் நிறக் கார். மழை பெய்தால் ஓட்டுகிறவர் தலையில் சொட்டுகிறதாம். சன்ரூஃபுக்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். கண்ணாடியைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் உண்டு. மூலைக்கு ஒன்றாக நாலு குழாய் உண்டு. தண்ணீர் அந்த வழியாக இறங்கி வண்டிக்கு அடியில் போய்விடும். இது தெரியாத யாரோ ஒரு மகானுபாவன், ஒழுகுகிறதே என்று முன்பக்கத்து ஓட்டைகள் இரண்டையும் பசை வைத்து அடைத்திருந்தான். முதல் கோபம் அப்போதே வந்துவிட்டது. பிளாஸ்டிக் தகட்டால் பசையைத் துளித் துளியாகச் சுரண்டி எடுத்தாள். கம்பி விட்டுக் குத்தினால் ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும், அப்புறம் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, தரையில் படுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்த்தாள். சொட்டியது. சரி.

அடுத்து, தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தாள்.

இது அவளுடைய வழக்கம். எந்தக் கூரையைத் தொட்டாலும், கண்ணாடி மூடும் வழியில் ஒரு கேரட்டை வைத்துப் பார்க்காமல் வண்டியை விட மாட்டாள். கூரை ஒழுங்காக இருந்தால், கேரட்டைத் தொட்டதும் நின்று பின்வாங்கும். வீட்டில் காய்கறி வாங்குவது அக்காதான். கடையில் நின்று தடிமன் பார்த்துப் பொறுக்கும்போது கடைக்காரர், "சமையலுக்கா, வேலைக்காம்மா?" என்று கேட்கிற அளவுக்கு அது ஊரறிந்த விஷயம்.

சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணாடி அசையவில்லை. அமுக்கிப் பிடித்தாள். நகர்ந்தது. கேரட்டில் முட்டியது. நிற்கவில்லை. டக்கென்று ஒடித்துவிட்டுப் போய் மூடிக்கொண்டது.

காலையில் பட்டறை எலக்ட்ரீஷியன் இதே வண்டிக்கு பேட்டரி மாற்றியிருந்தார். பேட்டரியைக் கழற்றினால் இந்த மாதிரிக் கூரைக்கு எது முழுசாக மூடிய இடம் என்பதே மறந்துபோகும். சுவிட்சை விடாமல் பிடித்து ஒரு முழுச் சுற்று ஓட்டி மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுவரை எதிரில் இருப்பது கேரட்டா கையா என்று அதற்குத் தெரியாது.

"ஏங்க, பேட்டரி மாத்தினீங்களே, கூரைக்கு ஒரு சுத்து விட்டீங்களா?"

"பேட்டரி என் வேலை. கூரை உங்க வேலை," என்றார் எலக்ட்ரீஷியன், டீயை ஊதிக்கொண்டே. "போன வாரம்கூட ஒரு வண்டில கைய வெச்சே பாத்தேன். ஜம்முனு நின்னுச்சு."

"இப்படியே கைய வெச்சுப் பாத்துட்டே இருங்க. ஒரு நாள் விரல் விட்டுப் பத்து வரைக்கும் எண்ண வேற ஆள் தேட வேண்டியிருக்கும்."

அவளே கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். மூடிய கண்ணாடி, திரும்பத் திறக்கும்போது பாதி வழியில் திக்கி நின்றது. மறுபடியும் பாதி வழி. மேலே ஏறிப் பார்த்தால், கண்ணாடி ஓடும் இடது பக்கத்து ரெயிலில் மணலும் சருகுத் தூளும் பழைய கிரீஸோடு சேர்ந்து களியாகிக் கிடந்தன. முழுக்கத் துடைத்து, புது கிரீஸ் பூசி, திரும்பக் கற்றுக்கொடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். மணி இரண்டரை. வண்டி மூன்றுக்குப் போக வேண்டும்.

சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னும் என்னம்மா? மூணு மணின்னு சொல்லிட்டேன்ல?"

"கூரை இன்னும் கத்துக்கல சார்."

"அது என்ன, பரீட்சையா எழுதப்போகுது? ஒழுகுதுன்னு வந்தாங்க. ஒழுகல் நின்னாச்சு. அனுப்பு."

"மூடும்போது எதிர்ல எது இருந்தாலும் நிக்காது சார்."

"அமுக்கிப் புடிச்சா மூடுதே, நானே பாத்தேன்!"

"மூடுது சார். அதான் பயமா இருக்கு."

"சாவியக் குடு."

சின்னவள் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். வேலைத் தாளை அவர் முன்னால் நீட்டினாள். "கூரை பத்திரமா வேலை செய்யுதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. சாவி உடனே உங்க கையில."

சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். தாளைப் பார்த்தார். மூடியை மாட்டினார்.

"நீ என்னை எதிர்த்துப் பேசறது இது மூணாவது தடவை. இனிமே வாயால சொல்ல மாட்டேன். வேலைய விட்டு நிக்கச் சொல்லிக் காகிதம்தான் வரும்."

அவள் துணியை எடுத்தாள். ஸ்பேனரைத் துடைத்தாள். வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? அக்காவின் முழங்காலுக்கு இனிமேல் படியேறி வேலைக்குப் போக முடியாது. இந்த ஒரு பட்டறைதான் அவர்களுக்கு இருக்கிறது. அதை நினைக்க நினைக்கக் கோபம் குறையவில்லை, ஏறியது. யாரோ ஒருவருடைய கையா, தன் வேலையா என்று தன்னைத் தராசு பிடிக்க வைக்கிறார்களே என்ற கோபம்.

மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கார்க்காரர் வந்துவிட்டார், காதில் போனோடு. கூடவே ஏழு வயதுப் பெண் குழந்தை. அவர் பேசி முடிப்பதற்குள் குழந்தை கதவைத் திறந்து, சீட்டில் ஏறி நின்று, திறந்திருந்த கூரை வழியாகத் தலையை நீட்டிவிட்டது.

சாவி தன் பையில் இருக்கிறது, கண்ணாடி நகராது என்று தெரிந்தும் சின்னவள் கதவருகே ஓடினாள்.

"பாப்பா, கீழ இறங்கும்மா. இத யாரு மூடுவாங்க?"

"நான்தான்! சிக்னல்ல நின்னா அப்பா என்னைத்தான் மூடச் சொல்வாரு."

சின்னவள் குழந்தையைத் தூக்கி வெளியே நிறுத்தினாள். கார்க்காரரைப் பார்த்தாள். "சார், போனை வைங்க. உள்ள உக்காருங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். ஒடிந்த கேரட்டின் தடித்த பாதியைக் கூரையின் ஓரத்தில் வைத்தாள். "இந்த சுவிட்ச அமுக்குங்க. விடாதீங்க."

டக்.

துண்டு அவர் மடியில் விழுந்தது.

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று குழந்தை கைதட்டிக் குதித்தது.

கார்க்காரர் மடியில் கிடந்த துண்டைப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "இப்படியேவா அனுப்பப் பாத்தீங்க?"

"சேச்சே, என்ன சார் நீங்க! நான்தான் நல்லா செக் பண்ணிட்டு விடுன்னு சொன்னேன். என்னம்மா?"

சின்னவள் ஸ்பேனரைத் துடைத்த துடைப்பில் அதில் பொறித்திருந்த நம்பரே அழிந்திருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் ஆனது. பிரஷ்ஷால் ரெயிலைச் சுரண்டி, நூல் பிரியாத துணியால் மூன்று முறை துடைத்து, புது கிரீஸை மெல்லிசாகப் பூசி, கூரைக்கு மறுபடியும் கற்றுக்கொடுத்தாள். பையில் இருந்த இரண்டாவது கேரட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணாடி வந்தது, தொட்டது, சட்டென்று பின்வாங்கியது. கேரட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தடம், அவ்வளவுதான்.

"சார், இது நிக்குதுன்னு நம்பி கைய வெச்சுப் பாக்காதீங்க. அமுக்கிப் புடிச்சா சில சமயம் நிக்காது. சுவிட்ச் பாப்பா தொடுற சாமான் இல்ல. மரத்தடில நிறுத்தினா கூரைல விழுற சருக அள்ளி வெளிய போடுங்க. முக்கியமா, ஓடுற வண்டில யாரும் எழுந்து நிக்கக் கூடாது. நீங்க ஒரு பிரேக் அடிச்சா போதும்."

"சரிங்க. கண்டிப்பாங்க." மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்.

வேலை போகவில்லை. மறுநாள் சூப்பர்வைசரே எல்லோரையும் கூப்பிட்டு, இனி எல்லாக் கூரைக்கும் கேரட் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தன் சொந்த யோசனைபோல அறிவித்தார். அதற்கும் ஒரு ஸ்பேனர் துடைத்தாள்.

அடுத்த வாரம், சாயங்காலம் ஐந்தரை இருக்கும். காய்கறிப் பையோடு அக்காவும் அவளும் நாற்சந்தியைக் கடக்க நின்றார்கள். சிவப்பு விழுந்ததும் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. கூரைக்கு மேலே இடுப்பு வரை குழந்தை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, காற்றில் தலைமுடி பறக்க.

அக்கா, "ஏய், எங்கடி..." என்று சொல்வதற்குள் சின்னவள் காருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். பிறகு, அக்காவுக்குத் தெரிந்து முதல் தடவையாக, கத்தினாள்.

"உங்க கையாலதானேய்யா அமுக்கினீங்க! உங்க மடிலதானே விழுந்துச்சு! ஒரு வாரத்துல மறந்துபோச்சா? உங்களுக்கு யாரு பேட்டரியக் கழட்டினது?"

"பக்கத்துலதாங்க போறோம், அஞ்சு நிமிஷம்தான்..."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. ஒருத்தன் திட்டினான். அவள் ஓர் அங்குலம் நகரவில்லை. தோளில் தொங்கிய காய்கறிப் பைக்குள் கையை விட்டு ஒரு கேரட்டை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அப்பாவுக்கு இல்லை, குழந்தைக்கு.

குழந்தை கேரட்டைப் பார்த்தது. விரித்திருந்த கைகளை மெல்ல மடக்கியது. தலை கீழே இறங்கியது. கூரை மூடியது. பெல்ட் மாட்டும் சத்தம், அந்த ஹாரன் இரைச்சலிலும், சின்னவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் வழிவிட்டாள்.

"ஊரே திட்டுது பாரு," என்றாள் அக்கா.

"திட்டட்டும்."

கையில் ஸ்பேனர் இல்லை. வீடு வந்து சேரும்வரை அந்தக் கேரட்டையே சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு வந்தாள்.