பெரட்டில் பன்னிரண்டாவது பேர்

இந்தக் கனடா நாட்டில் தப்புச் செய்தால் பாராட்டுகிறார்கள். ஜாவா வகுப்பின் முதல் நாள் நான் மூன்று வரி எழுதினேன், மூன்றும் தப்பு. கம்ப்யூட்டர் மூன்றுக்கும் அடியில் சிவப்பாகக் கோணல் கோடு இழுத்துக் காட்டியது. டீச்சர் ஏமி என் கடைசி மகளைவிடச் சின்னப் பெண். குனிந்து பார்த்து, "அருமை, மிஸ்டர் ராஜு, நல்ல தொடக்கம்" என்றாள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு தப்புக்கு ஓர் அடி. அந்தக் கணக்கு எனக்குக் கட்டுப்படியாகாமல் ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் வெலிமடைக் காய்கறிச் சந்தையில் லீக்ஸ் மூட்டையைத் தொடாமலே எடை சொன்னேன். இன்று இங்கே காய்கறிக் குளிர்க்கிடங்கில் பதினோரு பேருக்கு சூப்பர்வைசராக நிற்கிறேன். அவர்களில் பட்டம் வாங்கிய இரண்டு பேர் என்னிடம்தான் லீவு கேட்கிறார்கள்.

அறுபத்தொரு வயதில் இவனுக்கு எதற்கு ஜாவா என்று ஊரில் கேட்பீர்கள். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் வேலையைக் கிடங்கு நிர்வாகம் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டது. சூப்பர்வைசராக இருப்பவன் அதன் அடிப்படையை ஆறு வாரம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். பாஸானால் சூப்பர்வைசர் போடும் மஞ்சள் சட்டை தங்கும். இல்லாவிட்டால் பழையபடி பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான். என் முழங்கால்கள் இரண்டும் அந்த வேலையை எப்போதோ ராஜினாமா செய்துவிட்டன.

மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தை நான் ஒரே நாளில் பிடித்தேன். கிளாஸ் என்பது வரைபடம், ஆப்ஜெக்ட் என்பது அதைப் பார்த்துக் கட்டிய பொருள். இதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நான் பிறந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, அதில் வீட்டுக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா, எல்லாம் ஒரே பிளான். எங்கள் காம்பராவில் முருகன் படம், பக்கத்துக் காம்பராவில் மாதா படம். பிளான் கிளாஸ், காம்பரா ஆப்ஜெக்ட், உள்ளே மாட்டிய படம் அவரவர் விவரம். எழுந்து நின்று வகுப்புக்கே விளக்கினேன். ஏமி கண்கள் விரியக் கேட்டுவிட்டு, "உங்கள் குடும்பம் ஹோட்டல் நடத்தியதா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க ஆரம்பித்தால் ஆறு வாரம் போதாது.

தகராறு ஐந்தாம் வாரம் வந்தது. காலையில் பேர் கூப்பிட்டால் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரும் பதில் சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். பரீட்சையும் அதுதான். எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு மாதிரியேதான். தொழிலாளிக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். சூப்பர்வைசருக்கு, அதோடு ஒட்டும் உறவும் இல்லாமல், தனியாக ஒரு கிளாஸ் எழுதினேன்.

"சூப்பர்வைசரும் தொழிலாளிதானே? அந்தக் கிளாஸிலிருந்தே இதை எடுக்கலாமே" என்றாள் ஏமி.

"முடியாது. எங்கள் ஊரில் கங்காணி குடையோடு நிற்பார். கொழுந்து எடுப்பவர்கள் வேறு ஆட்கள்."

"அவர் ஏன் குடையோடு நிற்கிறார்?"

"கங்காணி என்பதால்."

அவள் அதையும் அருமை என்றாள். தொழிலாளிகள் பட்டியலில் சூப்பர்வைசரான என் பேரைச் சேர்த்தேன், சிவப்புக் கோடு வந்தது. அந்த வரியையே அழித்தேன், கோடு போய்விட்டது. வெற்றி என்று ஓட்டிப் பார்த்தால் பதினோரு பேர்தான் பதில் சொன்னார்கள். நான் இல்லை. நாலு தரம் ஓட்டினேன், நாலு தரமும் இல்லை. பரீட்சைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கும் என் தங்கை புஷ்பத்துக்கு போன் போட்டேன், நியாயம் கேட்க.

"ஏம்மா, கங்காணியும் தொழிலாளியும் ஒண்ணுதான்னு என் டீச்சர் புள்ள சொல்லுது. இந்தக் கூத்தக் கேட்டியா?"

"ஒனக்கு டீச்சரா? பாவம் அந்தப் புள்ள."

"வெளையாடாத. நீயே சொல்லு."

"கங்காணிக்கும் சம்பளம் போடுற செக்ரோல்ல பேரு இருக்குண்ணே. நாங்க இருக்கிற அதே பொஸ்தகந்தான்."

"எப்ப மாத்துனாங்க?"

"எங்க மாத்துனாங்க, எப்பவும் அப்புடித்தான். அவருக்குச் சம்பளம் என்ன வானத்துலருந்தா விழுது? நீ பதிமூணு வயசுல வெலிமடைக்கு ஓடிப்போன ஆளு. நான் முப்பத்தெட்டு வருசமா பெரட்டுக்குப் போறேன். எனக்கே தோட்டத்தச் சொல்லிக் குடுக்கிறியா?"

இந்த நாட்டில் தோட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் விளக்குகிறவன் நான். என்னைக் கேட்காமல் யாரும் தேயிலை குடிப்பதில்லை என்றுகூடச் சொல்லலாம். போனை வைத்துவிட்டு என் இரண்டு கிளாஸையும் மறுபடி திறந்து பார்த்தேன்.

பரீட்சையன்று சூப்பர்வைசர் கிளாஸின் தலையில் 'எக்ஸ்டெண்ட்ஸ் வொர்க்கர்' என்று எழுதினேன். அதாவது இவனும் தொழிலாளியின் வாரிசு. இன்னும் இரண்டு இடத்தில் சில்லறைத் திருத்தம் செய்து, பட்டியலில் என் பேரைச் சேர்த்தேன். கோடு வரவில்லை. ஓட்டினேன். மைக்கேல், ஹுசைன், வேய் என்று என் கிடங்கு ஆட்கள் வரிசையாக வந்து, பன்னிரண்டாவதாக ராஜு வந்தது. சட்டை தங்கிவிட்டது, முழங்காலும் தப்பியது. திரையைப் படம் எடுத்துப் புஷ்பத்துக்கு அனுப்பினேன். இந்த வயதில் குடும்பத்தில் யார் இதைச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

மறுநாள் வேலைக்கு வந்தபோது அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது. பெரட்டுக் களத்தில், கங்காணி வருவதற்கு முன்னால், என் பட்டியலை அவள் சத்தமாக வாசித்திருக்கிறாள். "மைக்கேல்" என்றதும் ஒருத்தி கட்டைக் குரலில் "இருக்கேங்க" என்றாள். "ஹுசைன்" என்றாள், "இருக்கேங்க." வேய்க்கும் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு பேருக்கும் யாராவது பதில் சொல்ல, ஒரே சிரிப்பு. கடைசியில் "ராஜு" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு யாரோ ஒருத்தி, யார் என்று எனக்கு அடையாளம் தெரியாத குரலில், "அவரு வரலைங்க" என்றாள்.

குளிர்க்கிடங்கின் நடுவில் நின்றுகொண்டு, "இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மைக்கேல், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, கையைத் தூக்கினான்.